வலது குழாயில் கையகல இடம்

பவுடர்காரர் என்றதும் முகத்துக்குப் பூசுகிற பவுடர் விற்பவர் என்று நினைத்துவிடாதீர்கள். இவர் இரும்புக்குப் பூசுகிறவர். கேட், சைக்கிள் ஃப்ரேம், மேஜைக் கால், மோட்டார் சைக்கிள் சக்கரம் என்று எதைக் கொண்டுவந்து போட்டாலும் பழைய பெயின்டை உரித்து, துருவை மணல் மெஷினால் அடித்து எடுத்து, மின்சாரம் ஏற்றிய பவுடரைத் துப்பாக்கியால் தூவி, ஆள் நிமிர்ந்து நடக்கிற அளவு பெரிய ஓவனுக்குள் தள்ளி வேகவைத்துக் கொடுப்பார். வெளியே வரும்போது நேற்றுப் பிறந்த இரும்பு போல இருக்கும். சும்மா சொல்லக்கூடாது, கையில் அப்படி ஒரு வித்தை. வாயும் கைக்குச் சளைத்ததில்லை, அதுதான் சனியன்.

பட்டறையில் ஒரு வழக்கம் வைத்திருந்தார். எந்த வண்டியின் சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், வந்தாலும் முதலில் அதில் பொறித்திருக்கும் நம்பரைத் தேடுவார். அதன்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்ப்பார். எழுத்து தாளில் வெள்ளையாக எழும்பி வரும். அந்தத் தாளை நோட்டில் ஒட்டிவிட்டு, நம்பர் இருக்கும் இடத்தில் ரப்பர் துண்டை வைத்து நாலு சுற்று டேப் சுற்றுவார். அதற்கு அப்புறம்தான் மெஷினைத் தொடுவார். ஏனென்றால் நம்பர் அழிந்த வண்டி ரோட்டுக்கு வர முடியாது. எங்கோ திருடி நம்பரைத் தேய்த்துவிட்டார்கள் என்றுதான் யாரும் முதலில் நினைப்பார்கள். வண்டிகளைச் சோதிக்கிற இன்ஸ்பெக்டரே மற்ற பட்டறைக்காரர்களிடம், "பவுடர்காரர் நோட்டைப் போய்ப் பாருங்கய்யா, தொழில்னா அது" என்று சொல்வது உண்டு. அதைக் கேட்டுவிட்டு வந்த நாளெல்லாம் இவருக்குக் கால் தரையில் படாது.

இவருடைய ஒரே மகளைக் கட்டியவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சாதுவான மனிதர். பஸ்ஸில் யாராவது காலை மிதித்தால் மிதித்தவரிடம் இவர் மன்னிப்புக் கேட்பார். அப்படிப்பட்டவருக்கு ஒரு ஆசை. இரண்டே பேர் உட்காரக்கூடிய, தரையோடு தரையாகப் போகிற பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, தன் கையாலேயே திரும்பக் கட்டி ஓட்ட வேண்டும். காரும் கிடைத்தது. விற்றவர் கிளட்ச் டீச்சர்.

கிளட்ச் டீச்சர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற அம்மா. "கிளட்சை விடு, மெதுவா விடு, மெதுவான்னா மெதுவா" என்று முப்பது வருடமாகக் கத்திக் கத்தி அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. ஊரில் வண்டி ஓட்டுகிறவர்களில் பாதிப்பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள்தான். பவுடர்காரரின் மகளும் அங்கேதான் கற்றுக்கொண்டாள். கார் அந்த அம்மாவின் கணவர் ஆசையாக வைத்திருந்தது. அவர் இறந்தபிறகு ஷெட்டில் துணி போர்த்திக் கிடந்தது. ஓட்டுகிற ஆசை உள்ள ஆளிடம் போகட்டும் என்று வாத்தியாருக்குக் கொடுத்தார்.

வாத்தியார் எட்டு மாதம் உட்கார்ந்து அதைப் பிரித்தார். ஒவ்வொரு போல்ட்டையும் டப்பாவில் போட்டுப் பெயர் எழுதி வைத்தார். மாமனார் வருகிறபோதெல்லாம், புத்தகத்தைப் பார்த்து நீந்துகிற ஆள் இவர் ஒருத்தர்தான் என்று கிண்டல் அடிப்பார். மாப்பிள்ளை சிரித்துக்கொள்வார். கடைசியில் மேலே இருந்த கூட்டைத் தூக்கி எடுத்ததும் சேஸிஸ் மட்டும் மிஞ்சியது. நீளமாக இரண்டு குழாய், குறுக்கே ஐந்து குழாய், பார்க்கப் படுக்கவைத்த ஏணிதான். அடியெல்லாம் தார் பூசி, மேலே சேறு காய்ந்து, உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாத கோலத்தில் அது மினி லாரியில் பட்டறைக்கு வந்தது. குடும்பமே கூட வந்தது.

எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது மாப்பிள்ளை புத்தகத்தை விரித்து, "மாமா, இந்த மாடலுக்கு நம்பர் வலது குழாய்லதான் இருக்குமாம். முன் சக்கரத்துக்குக் கொஞ்சம் பின்னாடி. தார் மூடியிருக்கு, பார்த்துக்குங்க" என்றார்.

"நான் உரிச்ச சேஸிஸை எல்லாம் வரிசையா நிறுத்தினா உங்க பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போகும் மாப்பிள்ளை. எனக்கே பாடமா?"

மகள் சிரித்தாள், மனைவி சிரித்தார், மாப்பிள்ளையும் சிரித்தார். ஆனால் அவர் முகம் கொஞ்சம் சிறுத்துப்போனதை மகள் கவனித்தாள். போகும்போது அப்பாவைப் பார்த்து, உங்களுக்கு இது தேவையா என்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

பவுடர்காரர் தனியாக வேலையை ஆரம்பித்தார். அவருக்குத் தெரிந்த வண்டிகளில் நம்பர் முன்னால் இருக்கிற குறுக்குக் குழாயில் இருக்கும். அங்கே சுரண்டிப் பார்த்தார். இருந்தது, நாலு இலக்கம். பார்த்தீர்களா என்று ஆளே இல்லாத பட்டறையில் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு, தாள் வைத்துத் தேய்த்து, நோட்டில் ஒட்டி, ரப்பர் வைத்து டேப் சுற்றினார். சேஸிஸ் நம்பர் என்றால் எட்டு ஒன்பது இலக்கமாவது இருக்கும், நாலு இலக்கம் என்பது அந்தக் குழாய்க்குத் தொழிற்சாலையில் போட்ட அடையாளம் என்று அவர் பட்டறை வாசலில் நிற்கிற ஆளுக்குக்கூடத் தெரியும். அவருக்குத் தெரியாதா? தெரியும். மாப்பிள்ளை சொன்ன இடத்தில் தேடக்கூடாது என்ற வீம்பு கண்ணை மறைத்துவிட்டது.

தார் இருக்கும்போது மணல் அடிக்க முடியாது, மணல் பட்டுத் தெறிக்குமே தவிர உரியாது. அதனால் நெருப்புக் காட்டி இளக்கி, தகட்டால் சுரண்டி எடுத்தார். தாருக்குக் கீழே இரும்பு முழுக்கத் துரு தின்ற குழிகள், அம்மைத் தழும்பு மாதிரி. வழக்கமாக அதை அப்படியே விட்டு மணல் அடிப்பார். முதல் பூச்சு குழிகளை நிரப்பிவிடும். ஆனால் வலது குழாயில், முன் சக்கரத்துக்குப் பின்னால், தாரும் துருவும் சேர்ந்து ஒரு இடம் ரொம்ப அசிங்கமாகத் தடித்துக் கிடந்தது. மாப்பிள்ளை வந்து பார்த்து வாய் பிளக்க வேண்டும், கண்ணாடி மாதிரி வேண்டும் என்று கிரைண்டரில் டிஸ்க்கை மாட்டினார்.

பொறி பறந்தது. நாலு இழுப்பு இழுத்திருப்பார். டிஸ்க்கைத் தூக்கியபோது பளபளவென்று தெரிந்த இரும்பில், ஓரமாக, பாதி தேய்ந்த ஒரு நாலும் அதற்குப் பக்கத்தில் முழுசாக ஒரு ஒன்பதும் இருந்தன.

கிரைண்டரை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தார். நாலும் ஒன்பதும் அங்கேதான் இருந்தன. அவற்றுக்கு முன்னால் இருந்தவை போன இடம் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த டிரம்மில் உட்கார்ந்துவிட்டார்.

இதுவரைக்கும் நடந்தது தவறு. தவறு யாருக்கும் வரும், எனக்கும் வரும், உங்களுக்கும் வரும். அப்போதே போனை எடுத்து, மாப்பிள்ளை, நீங்கள் சொன்னதுதான் சரி, நான் கெடுத்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். மிச்சம் இருந்த இரண்டு இலக்கத்தை இன்ஸ்பெக்டரிடம் காட்டி, பழைய காகிதங்களோடு ஒப்பிட்டு, ஏதாவது ஒரு வழி பண்ணியிருக்கலாம். போனை எடுக்கத்தான் செய்தார். எடுத்ததும் காலையில் தான் சொன்ன வார்த்தைதான் அவர் காதில் விழுந்தது. எனக்கே பாடமா. மகள் சிரித்தது, மனைவி சிரித்தது, எல்லாம் ஞாபகம் வந்தது. போனைத் திரும்பச் சட்டைப் பைக்குள் போட்டார்.

அடுத்து அவர் செய்ததற்குத் தவறு என்று பெயர் கிடையாது, அயோக்கியத்தனம் என்றுதான் பெயர். பாதி நம்பர் இருந்தால் ஆயிரம் கேள்வி வரும், ஒன்றுமே இல்லாவிட்டால் முதலிலிருந்தே இல்லை என்று ஆகிவிடும் என்று கணக்குப் போட்டார். எழுந்து கிரைண்டரை ஓடவிட்டார். அரை நிமிடம் ஆகவில்லை. நாலும் போனது, ஒன்பதும் போனது. பட்டறையில் வேறு யாரும் இல்லை என்று தெரிந்தும் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார்.

பிறகு மணல் அடித்தார். கழுவினார். மரை உள்ள துளைகளுக்கெல்லாம் ரப்பர் மூடி போட்டார். குழி நிரப்புகிற முதல் பூச்சு, அதன்மேல் கரிய பளபளப்புப் பூச்சு, இரண்டு தடவை ஓவன். அவர் வாழ்நாளில் செய்த வேலைகளிலேயே நல்ல வேலை அதுதான் என்று வையுங்கள். குழி தெரியவில்லை, மேடு தெரியவில்லை, குனிந்து பார்த்தால் முகம் தெரிந்தது. முகத்தைத்தான் அவரால் பார்க்க முடியவில்லை.

மாப்பிள்ளை சேஸிஸைச் சுற்றிச் சுற்றி வந்தார். கைகூப்பாத குறை. இப்படி ஒரு வேலையை யாரும் செய்ய முடியாது மாமா என்று நாலு தடவை சொன்னார். ஒவ்வொரு தடவையும் பவுடர்காரருக்கு ஊசி குத்தினாற்போல இருந்தது. பட்டறையைக் கூட்டுகிற சாக்கில் பின்பக்கம் போய்விட்டார். வீட்டுக்கு வந்ததும் மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "என்னங்க, இன்னைக்கு நீங்க பீத்திக்கவே இல்லையே, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

கூட்டைத் திரும்ப ஏற்றுவதற்குள் சேஸிஸை இன்ஸ்பெக்டர் பார்த்தாக வேண்டும். பட்டறைக்கே வந்தார். டார்ச் அடித்து வலது குழாய் முழுக்கக் கையால் தடவினார். இரண்டாம் தடவையும் தடவினார். பிறகு நிமிர்ந்து நம்பர் எங்கே என்று கேட்டார். வாத்தியார் மாமனாரைப் பார்த்தார். மாமனார் நோட்டை விரித்து அந்த நாலு இலக்கத்தைக் காட்டினார். இன்ஸ்பெக்டர், இது சேஸிஸ் நம்பர் இல்லையே, உங்களுக்குத் தெரியாததா என்றார். வலது குழாயில் தாரைச் சுரண்டினபோது என்ன இருந்தது என்று நேராகவே கேட்டார்.

"ஒண்ணும் இல்ல சார். அந்த இடம் முதல்லயே வழவழன்னுதான் இருந்துச்சு."

சொன்னது பவுடர்காரர் வாய்தான். சொல்லி முடித்ததும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது, ஆனால் பிடுங்கவில்லை. வேறு யார் சொல்லியிருந்தாலும் இன்ஸ்பெக்டர் துருவித் துருவிக் கேட்டிருப்பார். இவர் சொன்னதால் அப்படியே எழுதிக்கொண்டார். அப்படியானால் யாரோ நம்பரைத் தேய்த்துவிட்டு மேலே தாரைப் பூசியிருக்கிறார்கள், விற்றவரைத்தான் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். மாப்பிள்ளை முகத்தில் ஈயாடவில்லை.

மறுநாள் காலை மாப்பிள்ளை வந்து, டீச்சர் வீட்டுக்குப் போகணும், நீங்க கூட வந்தா எனக்கு ஒரு தெம்பு மாமா என்றார். மாட்டேன் என்று சொல்ல என்ன காரணம் இருக்கிறது? போனார்.

டிரைவிங் ஸ்கூல் வாசலில் கற்றுக்கொள்ள வந்தவர்கள் ஐந்தாறு பேர் நின்றார்கள். தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது. கிளட்ச் டீச்சர் சிரித்துக்கொண்டே கேட்டைத் திறந்தார். விஷயத்தைக் கேட்டதும் சிரிப்பு போனது. நம்பர் இல்லாமல் எப்படி இருக்கும், என் வீட்டுக்காரர் ஒவ்வொரு தடவை சோதனைக்குப் போகும்போதும் அந்த இடத்தில் தாரைச் சுரண்டிக் காட்டிவிட்டுத் திரும்பப் பூசியிருக்கிறாரே என்றார். குரல் உயர்த்தத் தெரியாத வாத்தியார் அன்றைக்குக் குரலை உயர்த்தினார். எட்டு மாத உழைப்பு, பாவம், அது பேசியது.

"திருட்டு வண்டியை என் தலையில கட்டிட்டு, செத்துப்போன மனுஷனைச் சாட்சிக்குக் கூப்பிடுறீங்களே டீச்சர், இது அடுக்குமா?"

தெருவில் போனவர்கள் நின்றார்கள். சைக்கிளில் போனவர் இறங்கிவிட்டார். டீச்சர் வாத்தியாரை விட்டுவிட்டுப் பவுடர்காரர் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க. உங்க கையாலதானே உரிச்சீங்க. அங்க நம்பர் இல்லையா?"

பவுடர்காரர் தன் செருப்பைப் பார்த்தார். "எனக்குத் தெரிஞ்சு இல்லைங்க டீச்சர்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் எல்லோருக்கும் கேட்டது. டீச்சர் கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார்.

ஒரு வாரத்தில் இன்ஸ்பெக்டர் ஆபீசிலிருந்து டீச்சருக்குக் கடிதம் வந்தது. விசாரணை முடிகிறவரை டிரைவிங் ஸ்கூலைத் திறக்கக்கூடாது. கற்றுக்கொள்ள வந்தவர்கள் வேறு பள்ளிக்குப் போனார்கள். போனவர்கள் சும்மா போனார்களா? புருஷன் வண்டித் திருடனாம், இந்த அம்மாவுக்குத் தெரியாமலா இருக்கும் என்று ஆளுக்கு ஒரு கை சேர்த்துவிட்டுப் போனார்கள். பவுடர்காரர் பட்டறைக்குப் போகும் வழியில் அந்தத் தெரு இருந்தது. அவர் இப்போது சுற்று வழியில் போக ஆரம்பித்தார்.

மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் பேச்சுவார்த்தை நின்றது. எனக்கு வண்டி கற்றுக்கொடுத்த டீச்சரைத் தெருவில் வைத்துத் திருடி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார் உங்கள் மாப்பிள்ளை, நீங்களும் பார்த்துக்கொண்டு நின்றீர்களா அப்பா என்று மகள் வந்து கேட்டாள். அவர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். சாப்பாடு இறங்கவில்லை. யாராவது, நல்ல தொழில்காரர் என்று சொன்னால் போதும், உடம்பு கூசியது. வெட்கம் என்பதை அதுவரை அவர் சின்னப் பிள்ளைகள் விஷயம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அது உட்கார்ந்தால் உட்கார்ந்தது, எழுந்தால் கூடவே எழுந்து வந்தது.

தாங்க முடியாமல் ஒருநாள் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். நாலையும் ஒன்பதையும் சொன்னார், அரை நிமிடத்தையும் சொன்னார். துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி கையை நிறுத்தாமல் கேட்டார். ஆறுதலாக ஒரு வார்த்தை வரும் என்று இவர் எதிர்பார்த்தார்.

"என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? ஸ்கூலை மூடிட்டு உக்கார்ந்திருக்கிறது நானா?" என்று கேட்டுவிட்டு அவர் மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார்.

இரண்டு நாள் கழித்து மாப்பிள்ளை ஒரு காகிதத்தோடு பட்டறைக்கு வந்தார். விசாரணைக்கு வேண்டுமாம். தாரைச் சுரண்டியபோது நம்பர் இல்லை, இடம் வழவழப்பாக இருந்தது என்று இவர் சொன்னதை அப்படியே எழுதியிருந்தார். கணக்கு வாத்தியார் அல்லவா, தேதி, நேரம், எந்தக் குழாய், எத்தனை அங்குலம், எல்லாம் துல்லியம். மாமா, ஒரு கையெழுத்து போதும், அந்த அம்மா இனி தப்பிக்க முடியாது என்றார்.

பவுடர்காரர் பேனாவை வாங்கினார். பெயரின் முதல் எழுத்துக்குக்கூடக் கை நகரவில்லை. மூடியை மூடித் திருப்பிக் கொடுத்தார். இன்ஸ்பெக்டரையும் டீச்சரையும் நாளைக் காலை இங்கே வரச் சொல்லுங்கள், நீங்களும் வாருங்கள் என்றார். எதற்கு என்று மாப்பிள்ளை கேட்டார். வாருங்கள் மாப்பிள்ளை, இங்கே வைத்துத்தான் சொல்ல முடியும் என்று மட்டும் சொன்னார்.

மூன்று பேரும் வந்தார்கள். டீச்சர் உட்காரவில்லை. கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசற்படிக்கு அருகிலேயே நின்றார். அவர் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பவுடர்காரர் சுற்றி வளைக்கவில்லை. வளைத்தால் நின்றுவிடுவோம் என்று அவருக்கே பயம்.

"நம்பர் இருந்துச்சு சார். நான்தான் தேய்ச்சிட்டேன். கடைசி ரெண்டு இலக்கம் தப்பிச்சுது. அதையும் தெரிஞ்சேதான் தேய்ச்சேன்."

இன்ஸ்பெக்டர் சிரித்தார். இதைத்தான் பவுடர்காரர் எதிர்பார்க்கவில்லை. மாப்பிள்ளை வண்டி முடங்கிப் போகிறதே என்று பழியை உங்கள் தலையில் போட்டுக்கொள்கிறீர்களா, நோட்டு வைத்துத் தொழில் செய்கிற ஆள் நீங்கள், நீங்கள் நம்பரைத் தேய்த்தீர்கள் என்றால் சின்னக் குழந்தைகூட நம்பாது என்றார். நல்ல பெயர் எடுத்து வைத்திருந்தாரே, அது இப்போது குறுக்கே வந்து நின்றது. இத்தனை வருடம் பீற்றிக்கொண்டதற்கு இது வேண்டும் என்று பவுடர்காரர் மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

கையுறை மாட்டினார். பெயின்ட் உரிக்கிற களிம்பு டப்பாவைத் திறந்து, வலது குழாயில் முன் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு முழ நீளத்துக்குப் பிரஷ்ஷால் அப்பினார். தன் கையால் பூசிய பூச்சு. ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பளபளப்பு மங்கியது, தோல் சுருங்கினாற்போல் சுருங்கியது, மெல்ல உப்பிக்கொண்டு எழுந்தது. தகட்டால் தள்ளினார். கரிய பூச்சு வந்தது. கீழே இருந்த பூச்சுக்கு இரண்டாம் தடவை அப்பி, கம்பி பிரஷ் போட்டு, கழுவித் துடைத்தார். மாப்பிள்ளை கிட்ட வந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பவுடர்காரர் டார்ச்சை இன்ஸ்பெக்டர் கையில் கொடுத்தார்.

"குழாய் முழுக்கக் குழி இருக்கு பாருங்க சார். தாருக்கு அடியில இத்தனை வருஷமாத் துரு தின்ன குழி. மணல் அடிச்சாலும் போகாது. நடுவுல இந்தக் கையகல இடத்துல மட்டும் ஒரு குழிகூட இல்ல. பழைய காலத்துல யாராவது தேய்ச்சுத் தார் பூசியிருந்தா, இங்கயும் துரு தின்னிருக்கும். துரு தின்ன பிறகு தேய்ச்ச இடம் இது. தார் எடுத்த பிறகு இந்தச் சேஸிஸ் என் பட்டறையை விட்டு வெளியே போகவே இல்ல."

இன்ஸ்பெக்டர் குனிந்தார். விரலை வைத்துத் தடவினார். குழி, குழி, குழி, பிறகு வழவழப்பு, பிறகு மறுபடி குழி. நிமிர்ந்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. பவுடர்காரரைப் பார்க்காமல் தன் பையிலிருந்து காகிதத்தை எடுத்து எழுத ஆரம்பித்தார். பழைய பதிவைப் பார்த்து அதே நம்பரை என் முன்னால் திரும்பப் பொறிக்க வழி இருக்கிறது, காருக்கு ஒன்றும் ஆகாது, டீச்சர் பள்ளியையும் இன்றைக்கே திறக்கலாம், ஆனால் உங்கள் வாக்குமூலம் கோப்பில் இருக்கும், இனி உங்கள் நோட்டைப் பார்க்கச் சொல்லி நான் யாரையும் அனுப்பமாட்டேன் என்று எழுதிக்கொண்டே சொன்னார்.

மாப்பிள்ளை அப்போதுதான் பேசினார். கோபமாகப் பேசியிருந்தால் பவுடர்காரருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நம்பர் போனது போகட்டும் மாமா. அந்த வாசல்ல நான் அந்தப் பேச்சுப் பேசும்போது, நீங்க பக்கத்துல நின்னீங்களே. என் கையைப் பிடிச்சு நிறுத்தியிருக்கலாமே."

பவுடர்காரர் கூனிக் குறுகிப் போனார். வெட்கமா இருந்துச்சு மாப்பிள்ளை, அன்னைக்குக் காலையில உங்களைக் கிண்டல் பண்ணிட்டு அதை எப்படிச் சொல்றது என்று ஏதோ முணுமுணுத்தார். சொல்லும்போதே அது எவ்வளவு சின்னக் காரணம் என்று அவருக்கே உறைத்தது. ஒரு பொம்பளையின் முப்பது வருட உழைப்புக்கும் இறந்துபோனவர் பெயருக்கும் எதிரே அந்தக் காரணம் நிற்கவே இல்லை. டீச்சர் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார். மன்னிச்சிடுங்க டீச்சர் என்றார்.

டீச்சர் அந்தக் கும்பிடை வாங்கிக்கொள்ளவில்லை.

"சாருக்குச் சொல்லிட்டீங்க, எனக்குச் சொல்லிட்டீங்க. என் தெருவுக்கு யார் சொல்றது?" என்று கேட்டார். "அன்னைக்கு உங்க மாப்பிள்ளை எவ்வளவு சத்தமாச் சொன்னாரோ, அவ்வளவு சத்தமா, அதே இடத்துல நின்னு நீங்க சொல்லணும். மன்னிக்கிறதை எல்லாம் அப்புறம் பார்க்கலாம்."

மறுநாள் காலை எட்டு மணிக்குப் பவுடர்காரர் போனார். சுற்று வழியில் போகவில்லை, நேர் வழியிலேயே போனார். மாப்பிள்ளை அவருக்கு முன்பே தனியாக வந்து, டீச்சரிடம் தலை குனிந்து ஏதோ சொல்லிவிட்டு, சுவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். மகளும் வந்திருந்தாள். கேட் திறந்திருந்தது. டீச்சர் கேட்டுக்கு உள்ளே நின்றார். தெரு எப்போதும் போல இருந்தது. பள்ளிக்குப் போகிற பிள்ளைகள், பால் வாங்கி வருகிறவர்கள், ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்த ஒருவர்.

பவுடர்காரர் வாயைத் திறந்தார். பட்டறை போட்ட நாளிலிருந்து இருபத்தெட்டு வருடமாக ஓயாமல் பேசின வாய். காற்றுதான் வந்தது.

"கேக்கல" என்றார் டீச்சர்.

"சேஸிஸ் நம்பரை நான்தான் அழிச்சேன்."

"எந்த வண்டி, யாரோடது, யார் மேல பழி விழுந்துச்சு. முழுசாச் சொல்லுங்க."

ஸ்கூட்டர்காரர் உதைப்பதை நிறுத்திவிட்டார். பிள்ளைகள் நின்றார்கள். பவுடர்காரருக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. கண்ணில் தண்ணீர் முட்டியது. துடைக்காமல், தெருவைப் பார்த்துத் திரும்பி நின்று, பட்டறையில் கம்ப்ரஸர் ஓடும்போது கத்துகிற குரலில் சொன்னார்.

"டீச்சர் வித்தது நல்ல வண்டி. அவங்க வீட்டுக்காரர் நல்ல மனுஷன். நம்பரை நான்தான் தேய்ச்சு அழிச்சேன். அழிச்சிட்டு, அவங்களை இங்க வச்சுத் திருடின்னு சொன்னப்போ பக்கத்துல நின்னு பொய் சொன்னேன்."

எதிர்வீட்டு மாடி ஜன்னல் அப்போதுதான் திறந்தது. யாரோ ஒரு அம்மா தலையை நீட்டி, என்ன சத்தம் அங்கே, யார் என்ன பண்ணினது என்று கேட்டார்.

பவுடர்காரர் டீச்சரைப் பார்த்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்த ஜன்னலைப் பார்த்து நிமிர்ந்து, "டீச்சர் வித்தது நல்ல வண்டிம்மா" என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.